சுட்ட மண் நிறச் சோபா

இந்த வருஷம் கானாவில், எங்கள் அக்ராவில் எல்லாருக்கும் மண் நிறம்தான் வேண்டியிருக்கிறது. மண்சுவர் வீட்டிலிருந்து சிமெண்ட் வீட்டுக்கு வருவதற்குள் அப்பன்காரன் அரை ஆயுசைத் தொலைத்திருப்பான். மகன்காரன் பதினோராம் மாடியில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டு, "அச்சியா, சுவரு பாக்கறதுக்கு மண்சுவராட்டமே இருக்கணும், ஆனா மண்ணு உதிரக் கூடாது" என்பான். நானும் சரி என்று சொல்லி, சுண்ணாம்புப் பூச்சைத் துணியால் ஒற்றி ஒற்றி, ஒரு மழையில் நனைந்து காய்ந்த சுவராக்கிக் கொடுப்பேன். அதன்மேல் வடக்கே போல்கா ஊர்ப்பக்கம் பின்னுகிற புல் கூடைகள் ஏழு. கூரையிலிருந்து பிரம்பு விளக்கு. மூலையில் ஒரு பெரிய பானை. போன மாசம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஆபீசில் அப்படி ஒரு பானையை வைத்துவிட்டு வந்தேன். மறுவாரம் எட்டிப் பார்த்தால் உள்ளே டீத்தூள் பைகளும் மாங்கொட்டையும் கிடந்தன. அழகு பார்க்க வைத்தது என்று சொன்னால், "குப்பத்தொட்டி நல்லாத்தான் இருக்கு மேடம்" என்கிறார்கள். எனக்கு வருத்தமில்லை. வீட்டுக்கும் ஆபீசுக்கும் உள் அலங்காரம் செய்வது என் பிழைப்பு, நன்றாகவே பிழைக்கிறேன்.

அப்பா என் பட்டறைக்கு வந்தது ஃபிப்ரவரியில். நில அளவைத் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணால் அதை அளந்துவிட்டுத்தான் உட்காருவார். அன்றைக்கு அளக்கவில்லை. வந்ததும் உட்கார்ந்துவிட்டார். ஏதோ இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"டெசானோல ஒரு ஃபிளாட் எடுத்திருக்கேன்மா. மூணாவது மாடி. வெளிச்சம் நல்லா வருது."

"இப்ப இருக்கற வீட்டுக்கு என்ன குறைச்சல்?"

"போனப்புறமும் உங்கம்மா அங்கதான் இருக்கா." சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "செர்வாவ அங்க கூட்டிட்டுப் போனா ரெண்டு பேருக்குமே மரியாதையில்ல."

செர்வாவை எனக்குத் தெரியும். மகோலா மார்க்கெட்டில் துணிக்கடை. புருஷன் போய்ப் பல வருஷம் ஆயிற்று. இரண்டு பையன்கள், இரண்டு பேரும் வெளிநாட்டில். அப்பா சட்டைத் துணி எடுக்க அந்தக் கடைக்கு அடிக்கடி போகிறார் என்று ஊர் பேசியது. ஒற்றை மனுஷனுக்கு இத்தனை சட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

"வர்ற ஞாயித்துக்கிழம அவங்க வீட்டுக் கதவத் தட்டலாம்னு இருக்கோம்," என்றார். பெண் கேட்கப் போவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கையில் இரண்டு ஜின் பாட்டிலோடு போய்த் தட்டுவது. "உனக்குச் சம்மதம்னா."

"ஹால் நீள அகலம் என்னப்பா?" என்றேன்.

சொன்னார். சென்டிமீட்டர் வரைக்கும் சொன்னார். பிறகு, "நீதான் செஞ்சு குடுக்கணும். வேற ஆள உள்ள விட எனக்கு இஷ்டமில்ல," என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். வேலை கொடுக்க வந்தவரிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. மகளாக நின்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

வேலையை ஆரம்பித்தேன். ஆறு வாரம். சுவருக்கு வெளிர் மணல் நிறம். வளைந்த நீளச் சோபா, இப்போது நேர்கோட்டுச் சோபாவை யார் சீண்டுகிறார்கள்? சோபாவுக்குச் சுட்ட மண் நிறத்தில் கெட்டித் துணி. ஜன்னல்களுக்குத் தரை வரை தொங்கும் கரி நிறத் திரை. மேஜை, விளக்குத் தண்டு, கதவுப் பிடி எல்லாம் பளபளப்பில்லாத கறுப்பு. துணியில் ஒரு துண்டை அப்பாவிடம் காட்டினேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "நீ சொன்னா சரிதான்," என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது. நூற்றில் ஒரு வாடிக்கையாளர்கூட இப்படிச் சொல்வதில்லை.

சோபாவுக்கு உறை அடித்தவன் போவாடு. குமாசிக்காரன். என்னோடு ஒன்பது வருஷமாக வேலை செய்கிறான். கையும் நிற்காது, வாயும் நிற்காது.

"மேடம், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்குவேன். கேளு."

"யாருக்குக் காரியம்?"

"என்ன காரியம்?"

"செவப்புச் சோபா, கறுப்புத் திரை. சாப்பாடு உண்டுன்னு தெரிஞ்சா நானும் ஒரு கறுப்புச் சட்டையத் தேடி வெப்பேன்ல."

"இது செவப்பு இல்ல. டெரகோட்டா. சுட்ட மண்ணு. உலகம் பூரா இப்ப இதுதான் ஓடுது."

"ஓடட்டும். நம்ம ஊருல இதுக்குப் பேரு கோபெனே. எங்கப்பன் செத்தப்ப இதத்தான் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். பேர மாத்திட்டா துணிக்குத் தெரியவா போவுது?"

"மத்த வீட்டுக்கெல்லாம் இதே துணியத்தானே அடிச்ச? அப்ப எங்க போச்சு உன் வாய்?"

"மத்த வீட்டுக்கு ஒரு தலகாணி, ஒரு முக்காலி, அத்தோட நிறுத்திடுவீங்க. உப்பு மாதிரி. இங்க மூட்டையோட கொட்டியிருக்கீங்க."

"போவாடு, ஆணிய அடி."

நாலு ஆணியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டான். அதற்குமேல் பேச வழியில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தரம் என்னைப் பார்த்தான்.

எனக்குத் தெரியாதா? சாவு வீட்டில் நெருங்கின சொந்தம் உடுத்தும் செங்கல் சிவப்பு அது என்று எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தும் தெரியவில்லை, அதுதான் விஷயம். நிற அட்டையில் "சுட்ட மண்" என்று போட்டிருந்தது, நான் அட்டையை நம்பினேன். ஊருக்கெல்லாம் நிறம் சொல்கிறவளுக்குச் சொந்த வீட்டில் கண் அவிந்துபோயிற்று.

அம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் வாங்கி வரும் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்து, "இது உக்கார்றதுக்கா, எந்திரிச்சுப் போறதுக்கா?" என்று கேட்பாள். போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை போனாள். புதன்கிழமை எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அலங்காரம் தெரிந்த மகள் இருக்கும்போது வெளியாள் எதற்கு? எண்ணூறு நாற்காலி, ஆறு பந்தல், ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் சிவப்பும் கறுப்புமாக நாடா. நான் கோபெனேயை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் வாக்கிடாக்கியோடு ஓடிக்கொண்டிருந்தேன். சவப்பெட்டியை மூடின நேரத்தில் நான் தெருமுனையில் ஜெனரேட்டர்காரனோடு சண்டை. வந்தவர்கள் என்னிடம், "ஏற்பாடெல்லாம் பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நன்றி என்றேன். சிலர் விசிட்டிங் கார்டுகூடக் கேட்டார்கள், கொடுத்தேன்.

வருஷம் முடிந்தால் சிவப்பைக் கழற்றி வெள்ளை உடுத்த வேண்டும். அதோடு துக்கம் முடிந்தது என்று அர்த்தம். அந்த வாரம் கிகாலியில் ஒரு ஓட்டல் முகப்பை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளைப் பந்தலுக்கு ஏற்பாடு செய்துவிட்டு விமானம் ஏறிவிட்டேன்.

ஃபிளாட் முடிந்த வெள்ளிக்கிழமை மதியம் செர்வா தனியாக வந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவருடைய பெரியம்மாவும் தாய்மாமனும் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. எங்களுக்குத் தாய்வழிதான் எல்லாம். பெரியம்மா தலையை ஆட்டினால் கல்யாணம். ஆட்டாவிட்டால், ஃபிப்ரவரியில் கதவு தட்டக் கொண்டுபோய்க் கொடுத்த பாட்டில்கள் திறக்காமல் திரும்பி வரும். பேச்சு அவ்வளவுதான்.

கையில் செய்தித்தாளில் சுற்றின கெலவெலே வைத்திருந்தார். இஞ்சியும் மிளகாயும் பிசிறிப் பொரித்த வாழைப்பழம், எண்ணெய் காகிதத்தில் ஊறியிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. துணிக்காரியின் கண். மகோலாவில் துணிக்கு எண் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பழமொழிதான் பெயர். "நல்ல பாசிமணி சத்தம் போடாது" என்று கேட்டால், எந்தத் துணி என்று திரும்பிப் பார்க்காமலே எடுத்துப் போடுவார். அவரிடம் டெரகோட்டா கதை எடுபடுமா?

செருப்பைக் கழற்றிவிட்டுச் சோபாவிடம் போனார். உறையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"கோபெனே," என்றார்.

"இப்ப எல்லா வீட்லயும் இந்தக் கலருதான் மேடம்..."

"இருபத்தெட்டு வருஷமா நான் இத விக்கிறேன், அச்சியா. அழகுக்கு வாங்கறவ துணிய விரிச்சு, தோள்ல போட்டு, கண்ணாடில பாப்பா. துக்கத்துக்கு வாங்கறவ பாக்கவே மாட்டா. மடிச்சுக் குடுங்கம்பா. நீ இத விரிச்சுப் பாத்தியா?"

யோசித்தேன். எந்தத் துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்கடியில் ஒருமுறை விரித்துப் பார்க்காமல் நான் எடுப்பதில்லை. இந்தத் துணியைக் கடைக்காரனிடம் போனில் சொல்லி நேராகப் போவாடுவிடம் அனுப்பச் சொல்லியிருந்தேன். துண்டு வெட்டினதுகூட அவன்தான்.

"இல்ல," என்றேன்.

"வருஷ முடிவுல வெள்ள கட்டினியா?"

"ஊர்ல இல்ல. வேல இருந்துச்சு."

"ம்."

அந்த "ம்" எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க நெனைக்கற மாதிரி இல்ல. உங்கள வரவிடக் கூடாதுன்னு வேணும்னே பண்ணல," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"வேணும்னு பண்ணலன்னு தெரியுது." குனிந்து தையலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோவத்துல பண்ண வேல கோணிக்கிட்டு நிக்கும். இது நேரா இருக்கு."

"நாளைக்குள்ள உறைய மாத்திடறேன். வெளிர் நிறத்துல நல்ல துணி கைவசம் இருக்கு. திரையையும் கழட்டிடறேன்."

"தொடாத. இருக்கட்டும்."

"உங்க பெரியம்மா பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"பெரியம்மாவுக்குக் கண்ணு நல்லாவே தெரியும். பாக்கட்டும்." சோபாவில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தார். "ஆறினா இது நல்லாருக்காது. வா, சாப்புடு."

சாப்பிட்டேன். என்ன ருசி என்று தெரியவில்லை. இந்த அம்மாள் மனசில் என்ன இருக்கிறது? பெரியம்மா வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டு, தன்மேல் பழி வராமல் விலகிக்கொள்ளப் போகிறாரா? அப்படி விலகினால் அப்பாவின் மிச்ச காலம்? இந்த ஆறு வாரத்தில் அவர் மீசைக்கு இரண்டு முறை மை தீட்டிக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். கேலி செய்ய வாய் வரவில்லை. அந்தச் சந்தோஷத்தை என் கையாலேயே, ஆணி அடித்து, கெடுத்துவிட்டேன்.

அவர் போனதும் தொடாதே என்றதையும் மீறிப் போவாடுவுக்குப் போன் போட்டேன்.

"பஸ்ஸுல இருக்கேன் மேடம். கொஃபொரிடுவா போறேன். நாளைக்கு ஒரு துக்கம்."

வெள்ளிக்கிழமை மதியம் அக்ராவில் பாதிப் பேர் ஏதோ ஒரு துக்கத்துக்கு பஸ் ஏறியிருப்பார்கள். மறந்துவிட்டேன்.

"எப்ப வருவ?"

"ஞாயித்துக்கிழம சாயங்காலம். ஏன் மேடம், உறைய மாத்தணுமா?"

"நான் சொல்லவே இல்லையே."

"நீங்க சொல்லல. நான் கட்டியிருக்கற துணி சொல்லுது. உங்க சோபா கலருதான்."

போனை வைத்துவிட்டேன். உறையைக் கழற்ற நானே ஒரு உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஆணியைத் தூக்கினேன். இரண்டாவது வரவில்லை. சனிக்கிழமை காலையில் அப்பா புத்தகப் பெட்டியோடு வந்தபோது சோபா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன், கையில் உளி இருந்தது.

"அப்பா, இந்த ஹாலப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?"

பெட்டியை இறக்கி வைத்தார். "துக்க வீடு," என்றார்.

"எப்பலேர்ந்து தோணுது?"

"துண்டுத்துணி காட்டினியே, அன்னிக்கே."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"உங்கிட்ட சம்மதமான்னு கேட்டேன். நீ நீள அகலம் கேட்ட. அப்புறம் இந்தத் துணியக் காட்டின. சரி, இதுதான் பதிலுன்னு நெனச்சுக்கிட்டேன்." என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். முழங்கால் மடங்க நேரம் பிடித்தது. "நல்ல பதிலோ கெட்ட பதிலோ, எம் மவ சொன்னது. அதுக்குள்ளயே குடியிருந்துடலாம்னு இருந்தேன்."

"பதில் இல்லப்பா அது. சத்தியமா எனக்கே தெரியாது."

"தெரியாதுன்னு செர்வாவும் சொன்னா. நேத்து இங்கேர்ந்து நேரா எங்கிட்டதான் வந்தா."

"வேற என்ன சொன்னாங்க?"

"பாவம் அந்தப் பொண்ணுன்னா. அவ்வளவுதான். ஞாயித்துக்கிழம என்ன பண்ணப் போறான்னு கேட்டேன், சிரிச்சுட்டுப் போயிட்டா." என் கையிலிருந்த உளியை மெதுவாக எடுத்துத் தள்ளி வைத்தார். "உங்கம்மா நெனப்பு வராத நாளுன்னு எனக்கு ஒண்ணு இல்லம்மா. செர்வாவுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் வர்றா."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் செர்வா முதலில் வந்தார். கல்யாணம் பேசும் நாளில் பெண் எப்படி வருவாள்? நீலமும் தங்கமுமாக மின்னிக்கொண்டு வருவாள். இவர் செங்கல் சிவப்பில் கோபெனே உடுத்தி, மேலே கறுப்பு ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தார். காதில் கழுத்தில் ஒன்றுமில்லை. அப்பா எழுந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். செர்வா நேராகப் போய்ச் சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். துணியும் சோபாவும் ஒரே நிறமாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா ஃபோஃபியே மாடி ஏறி வந்தார், பின்னால் தடி ஊன்றிக்கொண்டு மாமா. பெரியம்மா நல்ல உயரம். சர்ச்சுக்குக் கட்டின வெள்ளைத் தலைப்பாகை கதவு நிலையில் இடித்தது. ஒரு காலை உள்ளே வைத்தார். சோபாவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியில் தன் தங்கை மகளைப் பார்த்தார். வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"இந்த வீட்ல யாரு செத்தது?" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். செர்வா முந்திக்கொண்டார்.

"என் மகளோட அம்மா."

பெரியம்மாவுக்குப் புரியவில்லை. "உனக்கேது மக? ரெண்டும் பயலுகதானே?"

செர்வா என்னைக் கைகாட்டவில்லை. கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார், அவ்வளவுதான். சமையலறை வாசலில் தண்ணீர்த் தட்டோடு நின்றிருந்த நான், தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பெரியம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எப்ப போனாங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு," என்றேன்.

"ரெண்டு வருஷமா இங்கயே உக்காந்திருக்கியா, பிள்ள?"

பெரியம்மா மாமாவிடம் திரும்பி, "தம்பி, பாட்டில் பேச்செல்லாம் இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம். ஓடியா போயிடும்? இன்னிக்குத் துக்கம் கேட்டுட்டுப் போவோம்," என்றார். மாமா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

எங்கள் வழக்கப்படி வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். முதலில் அப்பா. பெரியம்மா அவர் கையைப் பிடித்து, "டுவே," என்றார். துக்கக்காரரிடம் நாங்கள் சொல்வது அந்த ஒரு சொல்தான். நீ படுவதை நான் அறிவேன் என்று அர்த்தம். அப்பா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

அடுத்தது செர்வா. என் அம்மாவை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அம்மா எப்படிச் சிரிப்பாள், எதற்கு எரிச்சல்படுவாள், ஒன்றும் தெரியாது. தன் சொந்தப் பெரியம்மா நீட்டின கையைப் பிடித்துக்கொண்டு, சாவு வீட்டுப் பெண் எப்படிச் சொல்வாளோ அப்படி, "கேட்டுக்கிட்டோம் பெரியம்மா. நாங்க நல்லாத்தான் வெச்சிருந்தோம், இருக்கக் குடுத்து வெக்கல," என்றார்.

பெரியம்மா என்னிடம் வருவதற்குள் நான் அழுதுவிட்டேன்.